மலைநாட்டுக் குளிரும் ஒரு சோடிச் சப்பாத்தும்

இலங்கையில் குளிர்காலம் என்றொரு பருவம் இல்லை எனப் புவியியற் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் சரியே. ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ இதனை நீங்கள் வாசிப்பவராயின், ஜனவரி மாதத்தில் ஒரு நாள் அதிகாலை ஐந்து மணிக்கு நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் வெறுங்காலுடன் நின்று பாருங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். சராசரி என்பது புத்தகத்துக்குப் பொருந்தும். காலுக்கு அது தெரியாது. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வானம் தெளிந்த இரவுகளில் குளிர் பூச்சியத்தை நெருங்கி இறங்கும். விடியும்போது புல்லின்மீது உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும். அந்தப் பனி பட்ட தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். இலையையே கருக்கும் பனி பிள்ளைகளின் கால்விரல்களை என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது பனிக்குளிர். மழைக்குளிர் வேறு. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவுகளில் மோதிக் கொட்டும். பனிக்குளிரை வெயில் தீர்த்துவைக்கும். மழைக்குளிருக்கு அந்த மருந்தும் கிடையாது. நனைந்த கால் இரண்டு மூன்று மாதங்களுக்குக் காய்வதே இல்லை.

எனது சிறுபராயம் எண்பதுகளில் இப்படியான தோட்டமொன்றின் லயத்தில் கழிந்தது. ஒரு காம்பரா, அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதற்குள் ஆறு பேர்: அப்பா, அம்மா, அப்பாயி, அக்கா, நான், தங்கை. அந்த ஆறு பேருக்கும் இருந்த பாதணிகளை எண்ணிச் சொல்லும்படி கேட்டால், ஒரு கையின் விரல்கள் போதும்.

அப்பாயி தம் வாழ்நாளில் செருப்பே அணிந்ததில்லை. அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். முன்னைய தலைமுறையினர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கதையையும் அவர் சொல்வார். அந்த நடையெல்லாம் வெறுங்கால் நடைதான். பிற்காலத்தில் யாரேனும் செருப்பு வாங்கினாலும், தொரை எதிரே வந்தால் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாதையோரமாக ஒதுங்கி நிற்பார்களாம். "கையில தூக்கிக்கிட்டு நிக்கிறதுக்கு எதுக்குடா காசு குடுத்து வாங்கணும்?" என்பது அப்பாயியின் கேள்வி. எங்கள் வீட்டில் பாதணி இல்லாமைக்குக் காரணம் காசு மட்டுமல்ல என்பது அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு விளங்கியது.

எமக்கு முதலில் கிடைத்தது இறப்பர்ச் செருப்பு. எந்தக் கம்பனி செய்ததானாலும் அதற்குத் தோட்டத்தில் 'பாட்டா' என்றுதான் பெயர். அந்த இறப்பரும் இந்த நாட்டு மண்ணில் விளைந்ததுதான். 1876 இல் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய பயிர். தாழ்நாட்டில் ஒருவர் பால் வெட்டி எடுக்க, மலைநாட்டில் ஒருவர் அதனைக் காலில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவார். சமூகக்கல்விப் புத்தகத்தில் இந்த இரண்டு பயிர்களும் தனித்தனிப் பக்கங்களில் இருந்தன. எங்கள் இஸ்தோப்பில் அவை ஒன்றாகவே கிடந்தன.

பாட்டாவுக்கு மரணம் இலகுவில் வராது. முதலில் முன்வாரின் குமிழ் துவாரத்திலிருந்து கழன்றுவிடும். அதனை மீண்டும் உள்ளே நுழைத்து, அடிப்பக்கத்தில் குமிழின் கழுத்தில் ஓர் ஊக்கைக் குறுக்கே குத்திவிட்டால் இரண்டு மாதம் ஓடும். ஊக்கு தேய்ந்து நிலத்தில் உரசும் சத்தத்தை வைத்தே, இருட்டில் வருவது யார் என்று சொல்லிவிடலாம். பிறகு வார் அறும். கடையில் வார் தனியாக விற்பார்கள். அடி ஒரு நிறம், வார் இன்னொரு நிறம் என்று ஆகும். அடி தேய்ந்து குதிக்காலில் ஓட்டை விழுந்த பின்னரும் அதனை எறிவதில்லை. வட்டமாக வெட்டிக் கதவுக்கு அண்டை கொடுக்கலாம். தங்கைக்கு வண்டிச் சக்கரம் செய்து கொடுக்கலாம். அடுப்பில் மட்டும் போட விடமாட்டார்கள். அந்த நாற்றம் லயம் முழுவதும் மூன்று நாள் நிற்கும்.

இரவுக் குளிருக்குச் செருப்பு உதவாது. அம்மா அதற்கு வேறொரு வழி கண்டார். நைந்துபோன கம்பளிச் சட்டையின் கைகளிரண்டையும் தோளோடு வெட்டி, மணிக்கட்டுப் பக்கத்தைத் தைத்து மூடிவிடுவார். அது முழங்கால் வரை வரும் காலுறையாகிவிடும். ஒரு சட்டைக்கு ஒரு சோடி. மிஞ்சிய உடற்பகுதி அப்பாயிக்கு மேற்சட்டை. அந்தக் காலுறைக்குக் குதிக்கால் இருக்காது. நடந்தால் சுழன்று கொள்ளும். படுப்பதற்கு அதைவிடச் சுகமான ஒன்றை நான் இன்றுவரை அணிந்ததில்லை. அதனைப் போட்டுக்கொண்டு, கவ்வாத்து மிளாறு எரியும் அடுப்பின் முன்னால் கால்களை நீட்டிக்கொண்டுதான் நான் பெருக்கல் வாய்ப்பாடு மனனம் செய்தேன்.

இனிப் பாடசாலைச் சப்பாத்துக்கு வருகிறேன். பாடநூல்கள் 1980 முதல் இலவசமாகக் கிடைத்தன. சீருடைத் துணி 1993 இல்தான் இலவசமாயிற்று. அது எங்கள் காலத்துக்குப் பிந்தியது. சப்பாத்தோ நாமே வாங்க வேண்டிய பொருள். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒன்றின் விலை அம்மாவின் நான்கைந்து நாட் பேருக்குச் சமம். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு என்பதை அறியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஆகவே தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளில்தான் தலவாக்கலைக்குப் போய்ச் சப்பாத்து வாங்குவார்கள். அந்த முற்பணமும் சும்மா வருவதல்ல. அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்தில் அது கழிக்கப்படும்.

கடையில் அம்மா ஒருபோதும் என் காலின் அளவைச் சொல்லமாட்டார். அடுத்த வருடக் காலின் அளவைத்தான் சொல்வார். முதலாளி சிரித்துக்கொண்டே இரண்டு அளவு பெரியதை எடுத்துத் தருவார். விரல் நுனியில் மிஞ்சும் இடத்தைப் பழைய பத்திரிகைத் தாளை உருட்டித் திணித்து நிரப்புவோம். முதல் வருடம் காகிதத்தோடு நடப்போம். இரண்டாம் வருடம் சப்பாத்துச் சரியாக இருக்கும். மூன்றாம் வருடம் விரல் மடங்கும். எனக்குத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளின் சப்பாத்தும் இந்த மூன்று பருவங்களைக் கடந்தே சென்றது.

வெள்ளை நிறத்தைக் காப்பது தனிக் கலை. பூசுவதற்கு வெள்ளைத் திரவம் கடையில் உண்டு. அதற்குக் காசு வேண்டும். வகுப்பறையில் கரும்பலகையின் அடியில் விழும் வெண்கட்டித் துண்டுகளைப் பொறுக்கி வந்து, நீரில் குழைத்து, ஞாயிறு மாலையில் துணியால் பூசுவோம். காய்ந்ததும் பளிச்சென்று இருக்கும். திங்கள் காலை முதல் மழைத்துளி பட்டதும் அது பாலாகக் கரைந்து பாதையில் ஓடும்.

ஆகையால் சப்பாத்தைப் பாடசாலை வரை அணிந்து செல்வதே கிடையாது. தோட்டத்திலிருந்து பாடசாலைக்கு மூன்று மைல். அந்தத் தூரத்தை வெறுங்காலில் நடப்போம். சப்பாத்து உரப்பையின் உட்புறத்துப் பொலித்தீனில் சுற்றப்பட்டுப் புத்தகத்தோடு வரும். பாடசாலை வாயிலுக்கு அருகில் ஒரு பீலி உண்டு. அதில் சேற்றைக் கழுவி, பாவாடை நுனியிலோ காற்சட்டையிலோ காலைத் துடைத்து, சப்பாத்தை மாட்டி, வரிசையாக உள்ளே போவோம். பனிக்காலத்தில் அந்தப் பீலி நீர் படும்போது கால் இருப்பதே தெரியாது. பத்து நிமிடத்தின் பின் விரல்கள் தீப்பட்டதுபோல எரியத் தொடங்கும். விஞ்ஞான மாணவர்களுக்கு இதன் காரணம் தெரிந்திருக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகின்றது. போதாக்குறைக்கு ஈரம் ஆவியாகும்போதும் உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. ஈரக்கால் உலர்ந்த காலைவிட விறைப்பது இதனாலேயே.

சப்பாத்து நனைந்துவிட்டால் அதனை அடுப்புக்கு மிக அருகில் வைக்கக் கூடாது. பசை இளகி அடி பிரிந்துவிடும். இறப்பர் சுருண்டும் போகும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வைக்க வேண்டும். நடு இரவில் ஒரு முறை எழுந்து ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நடு இரவு வேலை அக்காவினுடையது. விடியும்போது சப்பாத்துக் காய்ந்திருக்கும். ஆனால் புகை மணக்கும். வகுப்பில் யார் லயத்திலிருந்து வருகிறார் என்பதைப் பெயரைக் கேட்காமலே அந்த மணம் சொல்லிவிடும். நகரத்துப் பிள்ளைகள் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

பரீட்சையில் 'எனது சிறுபராய நினைவுகள்' என்ற தலைப்பு வந்தால் பலரும் நிலாவையும் பட்டத்தையும் எழுதுகிறார்கள். நிலாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைப் பற்றி உங்களுக்கு மாத்திரமே தெரியும். சரி, கதைக்கு வருகிறேன்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த வருடம். அக்காவுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. கணிதத்தில் அவர் கெட்டிக்காரி. எனக்குப் பின்னம் சொல்லித்தந்தவர் அவரே. அந்த ஒக்டோபரில் அப்பா கவ்வாத்து மலையில் வேலை செய்துகொண்டிருந்தார். வெறுங்கால். மழையில் கத்தி வழுக்கி இடது பாதத்தின் மேல் இறங்கியது. காயம் ஆழம், அதன் மேல் சேறும் ஈரமும். இரண்டு மாதம் அவர் மலைக்குப் போகவில்லை. போகாத நாளுக்குப் பேர் இல்லை. தீபாவளி முற்பணம் கடைக் கடனுக்குப் போயிற்று. ஒரு சோடிப் பாதணி இருந்திருந்தால் அந்தக் கத்தி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கும் என்று நான் பின்னாளில் பல முறை கணக்குப் பார்த்திருக்கிறேன்.

என் சப்பாத்து மூன்றாம் பருவத்தையும் கடந்து, விரல் வெளியே தெரியும் நிலையில் இருந்தது. புதிய பாடசாலையில் சப்பாத்தின்றி வருவோரை வாயிலில் நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னார்கள். டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் இரவு, அடுப்படியில் இருந்துகொண்டு அக்கா அம்மாவிடம் சொன்னார்:

"எனக்கு இனிமே சப்பாத்து வேணாம்மா. தம்பிக்குக் குடுத்துருங்க. நான் பேரு பதிஞ்சிக்கிறேன்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா கட்டுப்போட்ட காலைச் சற்று மடக்கிக்கொண்டு சுவரின் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்பாயி மாத்திரம், "படிக்கிற புள்ளயடி அது" என்றார். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மாலை அக்கா தம் சப்பாத்தை வெண்கட்டி பூசி வெளுத்து, உள்ளே காகிதம் திணித்து, என் புத்தகப் பைக்கு அருகில் வைத்தார். நாக்கின் உட்புறத்தில் மையினால் தம் பெயரின் முதலெழுத்தை எழுதியிருந்தார். அதன் மேல் என் எழுத்தை எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த நாள் அவர் இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கொங்காணி போட்டு, கூடையோடு பெரட்டுக்களத்துக்குப் போனார். மழைக்காலமானால் புறப்படுமுன் கணுக்கால் வரை சவர்க்காரத்தைத் தடவிக்கொள்வார். அட்டைக்கு எதிராக அவரிடம் இருந்த சப்பாத்து அதுதான். மழை கழுவிவிட்டால் அதுவும் இல்லை. மாலையில் வந்து கால்விரல் இடுக்குகளில் பிடித்த சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசிக்கொண்டு, என் கணிதக் கொப்பியைத் திறந்து பார்ப்பார். நடு இரவில் எழுந்து காகிதம் மாற்றும் வேலையையும் அவர் விடவில்லை.

சாதாரண தரப் பரீட்சை அக்காலத்தில் டிசம்பரில் நடைபெறும். நான் தோற்றிய வருடம் என் காலில் இருந்தது புதிய சப்பாத்து. அக்காவின் சம்பளத்தில் வாங்கியது. முதல் முறையாகச் சரியான அளவு.

இப்போது பல விடயங்கள் மாறியுள்ளன. பின்தங்கிய பாடசாலைகளின் மாணவர்களுக்கு அரசு பாதணி வவுச்சர் வழங்கியுள்ளது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரும் வீட்டிலிருந்தே சப்பாத்தை அணிந்து செல்கிறார்கள். ஆயினும் ஜனவரியில் பீலியடியில் பொலித்தீன் பையைப் பிரிக்கும் பிள்ளையை இன்றும் சில இடங்களில் காணலாம். அவர் உங்கள் வகுப்பிலேயே இருக்கவும் கூடும்.

சில வருடங்களுக்கு முன் அக்காவை ஹட்டனுக்கு அழைத்துச் சென்று, குளிருக்கு ஏற்ற மூடிய சப்பாத்து ஒன்று வாங்க முயன்றேன். பெண்களுக்கான எதுவும் அவர் காலில் ஏறவில்லை. முப்பது வருடம் வெறுங்காலில் சரிவுகளைப் பற்றி நடந்ததில் விரல்கள் விரிந்து, பாதம் அகன்றுவிட்டது. கடைசியில் ஆண்களுக்கான கறுப்புச் சப்பாத்து ஒன்று பொருந்தியது. விற்பனையாளர் சரியான அளவை எடுத்து வந்தபோது அக்கா தடுத்தார்.

"ஒரு அளவு பெருசாவே குடுங்க தம்பி. இப்ப காகிதம் வச்சிக்கிறேன். நாளைக்கி பேரனுக்கு ஆகும்."

பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் காசைக் கொடுத்தேன். வெளியே வந்ததும் அக்கா பழைய பத்திரிகை ஒன்று வாங்கச் சொன்னார்.