வல்லிபுரம் எண்டா என்ன கருத்து?

எஸ்பியர்க்கில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குப் போன மார்கழியில் ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளையை நிறுத்துப் பார்க்க வீட்டுக்கு வந்த தாதி, கதவில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு, “வல்லிபுரம்... நல்லா இருக்கே, என்ன அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறாள். டென்மார்க்கில் தமிழ்ப் பெயரைக் கண்டவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சுமப்பவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவே என்னை அழைத்தாள்.

“மாமா, வல்லிபுரம் எண்டா என்ன கருத்து? அந்த மனுசிக்கு முன்னால முழிச்சுக்கொண்டு நிண்டனான்.”

வல்லி என்றால் கொடி, புரம் என்றால் ஊர். கொடியூர் என்று வைத்துக்கொள்ளேன் என்றேன். அகராதிப்படி அது சரி. ஆனால் அவள் விடவில்லை. “ஊரின்ர பேரை ஏன் ஆளுக்கு வைச்சவை?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் பிள்ளையைப் பார்க்கப் போனபோது அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் போனேன்.

முதலில் ஒரு கணக்கைத் தீர்க்கவேண்டும். வல்லிபுரம் அவளுடைய தகப்பனின் பெயர் அல்ல, தகப்பனின் தகப்பன். வடமராட்சியில் இருந்திருந்தால் அது ஒரு தலைமுறைக்கு முன்னெழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் சத்தமில்லாமல் கழன்றிருக்கும். அவளுக்கு அவளுடைய அப்பாவின் பெயர் வந்திருக்கும், அவளுடைய மகனுக்கு அவனுடைய அப்பாவின் பெயர். ஆனால் அவளுடைய அப்பா 1986இல் டென்மார்க்கில் வந்து இறங்கியபோது நீட்டப்பட்ட படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். குடும்பப் பெயர் என்ற இரண்டாவது கட்டத்துக்கு எதை எழுதுவது? தகப்பன் பெயரை எழுதினார். பேனா மூடப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த பெயர் அந்தக் கட்டத்துக்குள் உறைந்துபோயிற்று. அவர் மனைவி வல்லிபுரம், இரண்டு பெண் பிள்ளைகளும் வல்லிபுரம். ஜட்லாந்தின் ஊர்களில் தம்பிப்பிள்ளைகளும் கந்தையாக்களும் பொன்னம்பலங்களும் டேனிஷ் தபால்பெட்டிகளில் நிலைத்தது இப்படித்தான். அவர்களில் பலர் பேரப்பிள்ளைகளைக் காணாமலேயே கண்மூடியவர்கள்.

இதை நமக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று நினைத்திருந்தேன். மருமகளின் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை என் நினைப்பைக் கலைத்தார். அவருடைய குடும்பப் பெயர் ஹான்சன், அதாவது ஹான்ஸின் மகன். “நான் யாருடைய மகனும் இல்லையே” என்று சிரித்தார். டேனிஷ் குடியானவர்களிடமும் நம் வழக்கமேதான் இருந்தது. யென்ஸின் மகன் பீதர் என்றால் பீதர் யென்சன். பீதரின் மகன் நீல்ஸ் என்றால் நீல்ஸ் பீதர்சன். பெண்ணுக்கு யென்ஸின் மகள் என்று வரும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறினால் வரியும் நிலமும் யாருக்கு என்று அரசுக்குப் பிடிபடவில்லை. 1828இல் அரச ஆணை வந்தது: இனி ஞானஸ்நானத்தின்போதே பிள்ளைக்கு நிலையான குடும்பப் பெயரும் இருக்கவேண்டும். ஊர்களில் அது முழுதாகப் பிடிக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. கடைசியில் அந்த நேரத்துத் தகப்பன்களின் பெயர்கள் அப்படியே உறைந்தன. இன்று நாட்டில் மிக அதிகமான குடும்பப் பெயர்கள் நீல்சன், யென்சன், ஹான்சன். அத்தனையும் அந்தக் காலத்து வல்லிபுரங்கள். 2006இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டம் பழைய முறையையும் மறுபடி அனுமதிக்கிறது. விரும்பினால் தாயின் பெயரோடும் மகன், மகள் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியைக்குப் பெயர்களில் பித்து. கோப்பி ஊற்றியபடியே ஒவ்வொன்றாக உரித்துக் காட்டினார். தோர்பன் என்பது தோர் என்ற இடிக்கடவுளின் கரடி. குனுத் என்பது வெறும் முடிச்சு. அந்த முடிச்சுதான் பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் சேர்த்து ஆண்டது. போதில் என்ற பாட்டிமார் பெயருக்குள் பரிகாரமும் போரும் ஒன்றாகக் குந்தியிருக்கின்றன. பிறகு எஸ்பன். இதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைபெற்றவள் நிமிர்ந்தாள். எஸ்பியர்க்கில் பிறந்த பிள்ளைக்கு எஸ்பன்! ஊரும் பேரும் ஒன்றாகிவிடும், வல்லிபுரம் மாதிரி.

ஆனால் அந்தத் தடம் பொய்த்தது. எஸ்பன் என்பது பழைய நோர்டிக் மொழியில் கடவுளும் கரடியும் சேர்ந்த பெயர். எஸ்பியர்க்கில் உள்ள எஸ் வேறு. அதைத் தூண்டில் இரை என்றும், பியர்க் என்பதைக் குன்று என்றும் விளக்குவார்கள். இரை தோண்டிய குன்று. மீனவர் ஊருக்குப் பொருத்தம்தான், பிள்ளைக்குத்தான் பொருந்தாது. ஊரும் அத்தனை பழையதல்ல. 1864 போரில் ஷிலெஸ்விக்கும் ஹோல்ஷ்டைனும் கைவிட்டுப் போனபோது மேற்குப் பக்கத் துறைமுகங்களும் போய்விட்டன. புதுத் துறைமுகம் ஒன்றைக் கட்டுவதற்கு 1868இல் சட்டம் போட்டார்கள். இன்று வட கடலில் நடும் காற்றாலைகளின் ராட்சத இறக்கைகள் அந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறுகின்றன. நகருக்கு வடக்கே, கடற்கரையில், ஒன்பது மீட்டர் உயர வெள்ளை மனிதர்கள் நால்வர் 1995 முதல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்வென்ட் வீக் ஹான்சன் செய்த சிலைகள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்களின் காலடிவரை போய்வந்தோம். குளிரில் எனக்குக் காது விறைத்துவிட்டது. பிள்ளை நித்திரை.

பதில் எஸ்பியர்க்கில் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. துன்னாலையில் இருக்கும் வல்லிபுரத்தாரின் மூத்த மகளை, எண்பத்தைந்து வயது மாமியை, அன்று பின்னேரம் அழைத்தேன்.

“ஐயாவுக்கு முன்னம் ரெண்டு பிள்ளை பிறந்து தங்கேல்லைத் தம்பி. அடுத்தது தங்கினா உன்ர பேரையே வைக்கிறன் எண்டு ஆச்சி ஆழ்வாரிட்டை நேந்தவ. கருத்தெண்டு ஒண்டுமில்லை, அது நேத்தி.”

ஆழ்வார் என்று மாமி சொன்னது பருத்தித்துறைக்குத் தெற்கே மணற்காட்டின் நடுவில் இருக்கும் வல்லிபுர ஆழ்வாரை. சைவ யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற விஷ்ணு கோயில். கருவறையில் வழிபடப்படுவது சக்கரம். வல்லி நாச்சியார் என்ற பிள்ளையில்லாப் பெண்ணின் மடியில் கடல்மீன் ஒன்று துள்ளி விழுந்தது என்று ஊரில் ஒரு தலக்கதை உண்டு. புரட்டாதியில் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தமாட்டுவார்கள். ஊரின் பழைமையும் சாதாரணமல்ல. 1936இல் அங்கே கிடைத்த பொன் ஏட்டின் பிராகிருத வாசகத்தை கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கிறார்கள்.

மாமி சொன்னதும் வரிசையாக முகங்கள் நினைவுக்கு வந்தன. கதிர்காமு, மாமாங்கம், சிதம்பரம், தமிழ்நாட்டில் பழனி, வேளாங்கண்ணி. நாம் பெயர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவை யாரோ ஒரு தாய் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகள். முந்திய பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அடுத்ததற்குப் பிச்சை, குப்பை என்று வைத்ததும் இதன் உடன்பிறப்பே. எமன் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாதாம். நாலைந்து பெண் பிறந்தபின் இனிப் போதும் என்று வேண்டாம் என்ற பெயரையே வைத்த குடும்பங்கள் திருத்தணிப் பக்கத்தில் உண்டு. அந்தப் பெண்களிடம் போய் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்கு மனம் வராது.

இனிப் பிள்ளைக்குப் பெயர். டென்மார்க்கில் பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதியவேண்டும். ஆண், பெண், இருவருக்கும் பொது என்று அங்கீகரித்த பெயர்களின் பட்டியல்கள் உண்டு. அதில் இல்லாததற்கு விண்ணப்பிக்கவேண்டும். புளூட்டோ, மங்கி என்றெல்லாம் கேட்டவர்களுக்கு மறுத்த கதைகள் பிரசித்தம். இவளுடைய முதல் தேர்வு கவின். நல்ல தமிழ், அழகு என்று பொருள். புருசன்காரன் ஒத்துக்கொள்ளவில்லை: டேனிஷ் காதுக்கு அது கெவின். அந்த நாட்டில் பிரையன், ஜோனி, கெவின் என்ற பெயர்களுக்குப் பின்னால் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அயர்லாந்துப் பெயரான கெவினின் வேரில் இருப்பதும் அழகுதான். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே ஒலியில் ஒரே பொருளைக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. அப்படியும் பிள்ளைக்கு உதவவில்லை.

அருண் என்று முடிவாயிற்று. ஆசிரியை உடனே ஆர்ன என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். கிழவர்களின் பெயராம், கழுகு என்று பொருளாம். புராணத்தில் அருணன் கருடனுக்கு அண்ணன் என்பதையும், பூட்டனுக்குப் பெயர் கொடுத்த கோயில் விஷ்ணு கோயில் என்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அது வாயில் நுழைகிற பெயர், அவ்வளவே.

தாயின் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைப்பது அங்கே வழக்கம். அருண் வல்லிபுரம், அதன்பின் தகப்பனின் குடும்பப் பெயர். அதுவும் யாரோ ஒரு தாத்தாவின் பெயரே. பெயரனுக்கு இரண்டு பக்கத்துப் பெயர். இந்தச் சைவப் பிள்ளையின் பெயர் பதிவாவது லுத்தரன் தேவாலய அலுவலகத்தில். டென்மார்க்கில் பெரும்பாலும் பிறப்பு, பெயர்ப் பதிவுகள் எந்த மதத்தவருக்கும் தேவாலயத்தின் பொறுப்பு. ஜெர்மன் ஆட்சியில் இருந்து மீண்ட தெற்கு ஜட்லாந்தில் மட்டும் நகராட்சி பார்க்கிறது. பதிவைக் கணினியில் அனுப்பியபோது எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. அங்கே டேனிஷ் மன்னரின் மிஷனில் சேர்ந்த கடலூர் ஆறுமுகம் ஆரோன் ஆகி, 1733இல் முதல் தமிழ் லுத்தரன் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். இந்தமுறை வல்லிபுரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மாமிக்குச் சொன்னோம். பெயர் நடுவில் இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. “பேர் வைச்சாக் காணாது. ஆழ்வாருக்கு முன்னால மொட்டை அடிக்கவேணும், அதுவும் நேத்தியில சேர்த்தி” என்றார். மருமகள் இப்போது புரட்டாதித் தீர்த்தத்துக்கு விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.