ஈப்போவில் ஒரு பாராங் வாங்கினோம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறினால் வழியெல்லாம் செம்பனை. அங்கே பால்மரம் நின்ற காலத்தை அறிந்தவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். சென்ற மாதம் அந்தப் பஸ்ஸில் என் பழைய மாணவன் ஒருவன் என்னோடு வந்தான். கூட்டாளிகளுடன் பெலும் காட்டுக்கு முகாம் போகிறானாம்.

"சார், காட்டுக்கு நல்ல கத்தி ஒன்று வேணும். கையில் ஐம்பது வெள்ளிதான் இருக்கு" என்றான்.

அவன் மனத்தில் இருந்தது 1982இல் வெளிவந்த ரேம்போ படத்துக் கத்தி. முதுகில் ரம்பப் பல், குழாய்போல் கூடான பிடி. ஞாயிறு காலைச் சந்தையான பாசார் காராட்டில் அப்படி ஒன்று பளபளவென்று கிடந்தது. வேண்டாம் என்றேன். மலிவாகச் செய்யும் கூடான பிடிக்குள் இரும்பு வால் ஆழமாக இறங்குவதில்லை. ஓங்கி வெட்டினால் கழுத்திலேயே முறியும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்பீர்கள். நான் சிறுவனாயிருந்தபோது என் தகப்பனார் புதர் வெட்டுகையில், ஆடிய பிடியிலிருந்து பாராங் கழன்று அவர் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. நாட்கூலிக்காரர் படுத்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கிந்தா ஆற்றைக் கடந்து ஓர் இரும்புக்கடைக்குப் போனோம். நம் காட்டுக்கு நம் ஊர்ப் பாராங்கே போதும். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்ததே, அப்போது சீமையிலிருந்து வந்த பட்டாளத்தாரும் பாராங் சாயலில் செய்த வெட்டுக்கத்தியைத்தான் காட்டில் கொண்டு திரிந்தார்கள்.

முதலில் பிடியைப் பாருங்கள். முறுக்கினால் அசையக் கூடாது. வால் அடிவரை வந்து மடக்கி அடித்திருந்தால் சிறப்பு. கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, முதுகு கோணாமல் இருக்கிறதா என்று நோக்குங்கள். பாரம் முன்பக்கம் சாய்ந்திருந்தால் கை களைக்காது. லோரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்தது துருப்பிடிக்கும்தான். ஆனால் சாணைக்கு எளிதில் இணங்கும், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். சிறு அரத்தால் கூரை லேசாக உரசிப் பாருங்கள். ஆழமாகக் கடித்தால் இரும்பு மெத்து. கண்ணாடிபோல் வழுக்கினால் கட்டையில் பட்டுச் சில்லு தெறிக்கலாம். தவுக்கே முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பையன் கொடுத்தது இருபத்தெட்டு வெள்ளி. மீதியில் ஒரு சாணைக்கல்லும் மர உறையும் கிடைத்தன. உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தை விரலால் சுற்றிப் பிடிக்காதே என்று அங்கேயே செய்து காட்டினேன். உறை பிளந்தால் விரல் போய்விடும்.

இன்னொன்று, பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைவாசம் உண்டு. காட்டில் கருவி, கடைத்தெருவில் வழக்கு. ஆகவே பாராங்கைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கயிறு கட்டி, ரசீதோடு பையின் அடியில் வைத்து, பஸ்ஸில் என் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.