பாமசிக்குப் போனது நான்

அந்தக் குளிசைகளை வாங்கி வந்தது நான்தான். "மலச்சிக்கல், உம்மாட்ட சொல்ல வெக்கமா இருக்கு" என்றாள் ராத்தா. நம்பினேன். மூன்றாம் முறை நம்பாமலேயே போனேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அல்லாஹ்வின் மேல் சத்தியமும் செய்திருந்தேன்.

கலியாணப் பேச்சு வந்ததிலிருந்தே "கொஞ்சம் மெலிஞ்சா நல்லம்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொன்னார்கள். எங்களோடு சாப்பிடுவாள், பிறகு குளிசை. காலையில் தராசில் ஏறிச் சிரிப்பாள்.

நான் உயிரியல் படிக்கிறவள். உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே அகத்துறிஞ்சப்பட்டு விடுகிறது. அந்தக் குளிசை வேலை செய்வதோ பெருங்குடலில். தராசில் குறைந்தது வெறும் தண்ணீர். குடித்தால் திரும்பி வரும். தண்ணீரோடு பொற்றாசியமும் போகும், அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இதையெல்லாம் எழுதிப் புள்ளி எடுத்தவள்தான் பாமசிக்கும் போனேன்.

றமழானில் ஒரு நாள் ஸஹருக்கு எழும்பியவள் குசினியில் விழுந்தாள். உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

வைத்தியசாலையில் இரத்தம் சோதித்து, ஈசிஜி எடுத்து, சேலைனோடு பொற்றாசியமும் ஏற்றினார்கள். டொக்டர் ஏசவில்லை. அந்தக் குளிசையை நிறுத்தி, மலத்தை இளக்கும் பாணி மருந்தொன்றைக் கொஞ்ச நாளைக்குத் தந்தார். "நிறுத்தினதும் கால், முகம் வீங்கும். அது கொழுப்பில்ல, தண்ணி. தானா வடியும். அதுக்குப் பயந்துதான் நிறையப் பேர் திரும்பக் குடிக்கிறாங்க" என்றார். உளநல வைத்தியரிடமும் அனுப்பினார். நேரத்துக்குச் சாப்பாடு, நோன்பு இப்போதைக்கு வேண்டாம். தராசை வாப்பா எங்கேயோ ஒளித்துவிட்டார்.

நாலாம் நாள் ராத்தாவின் கால் வீங்கியது. "பாரு, கொழுத்துட்டேன். ஒரு தடவ மட்டும் போய் வா" என்று என் கையைப் பிடித்து அழுதாள். டொக்டர் முதலிலேயே சொல்லியிராவிட்டால் போயிருப்பேனோ என்னவோ. போகவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீக்கம் வடிய இரண்டு கிழமை எடுத்தது.

சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்றார் வாப்பா. உம்மா சோறாக்கினார். பார்சல் கட்டும்போது ராத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பதைக் கட்டிவிட்டு, "எனக்கும் ஒண்டு வை" என்றாள்.