பூஜ்யம் தெரியாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் வேகம் போதவில்லை என்றால் புதுசு வாங்கலாம். அல்லது இருப்பதையே விரட்டலாம். இரண்டாவதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங். பிராஸஸர் நொடிக்கு இத்தனை முறை துடிக்கும் என்று கம்பெனி சொல்லித்தான் விற்கிறது. அதற்குமேல் துடிக்க வைப்பது சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு வெறி.

1998ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவு விலைச் சில்லு இந்த விளையாட்டின் செல்லப்பிள்ளை. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதன் 4.5 மடங்கு 300. பஸ்ஸை 100 ஆக்கினால் 450! பாதி வேகம் இனாம். 2000 வாக்கில் ஏஎம்டியின் சில சில்லுகளின் மேல் இருந்த சின்னப் புள்ளிகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்து இணைத்து வேகக் கட்டுப்பாட்டைத் திறந்தார்கள். நம்புங்கள், பென்சில்தான். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும்.

இனாமுக்கு ஒரு விலை உண்டு. சில்லுக்குள் ஒவ்வொரு சங்கதியும் அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார்க்காரர் கடைசி இலைக்குப் போவதற்குள் ரசம் கிளம்பிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் க்ராஷ். சாம்பார்க்காரரை வேகமாக ஓட வைக்க வோல்டேஜை ஏற்றுவார்கள். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தில் 10 சதவிகிதம், வோல்டேஜில் 10 சதவிகிதம் கூட்டினால் சூடு சுமார் 33 சதவிகிதம் கூடுகிறது.

எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். டிசம்பரில் வாங்கிய கம்ப்யூட்டர். ஏப்ரலிலிருந்து ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் நீலத் திரை. (2025ல் விண்டோஸ் 11 அதைக் கறுப்பாக்கிவிட்டது. துக்கம் என்னவோ அதேதான்.)

"வைரஸா சார்?"

"வேகத்தை ஏத்தினீங்களா?"

"நான் எதையும் தொடவே இல்ல சார்."

உண்மைதான். பயாஸுக்குள் போய்ப் பார்த்தபோது, அசெம்பிள் செய்து கொடுத்தவரே சொல்லாமல் ஏற்றிவிட்டிருந்தது தெரிந்தது.

இது புதுக் கதை இல்லை. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005ல் எழுதியிருக்கிறார். வந்து குவிந்த க்ராஷ் ரிப்போர்ட்டுகளில் சில, ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் செத்திருந்தன. தோற்கவே முடியாத கட்டளை அது. விசாரித்தால் ஓவர்க்ளாக்கிங். சத்தியமாகச் செய்யவில்லை என்றவர்களில் சிலருக்குக் கடைக்காரர் செய்து கொடுத்திருந்தார்.

வைத்தியத்தின் முதல் படி, எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்த அளவுக்குத் திருப்புவது. பயாஸுக்குள்ளேயே நுழைய முடியவில்லையா? கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் பெரும்பாலும் பழசெல்லாம் மறந்துவிடும். அப்புறமும் க்ராஷ் ஆனால் பழி வேறெங்கோ: மெமரி, எஸ்எம்பிஎஸ், டிரைவர்.

நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். மெமரியின் வேகத்தையும் பிராஸஸரின் வேகத்தையும் ஒரே நாளில் தொடாதீர்கள். மெமரிக்கு மெம்டெஸ்ட் 86, ஒரு ராத்திரி முழுக்க. பிராஸஸருக்கு பிரைம் 95. மெர்சேன் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய நிரல் இது. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சரிபார்க்கும். ஒரு கணக்கு தப்பினாலும் ஃபெயில். 100 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, வோல்டேஜையும் சூட்டையும் நோட்டில் எழுதுங்கள். முக்கியமாக, சோதனையை மே மாதத்தில் செய்யுங்கள். அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். டிசம்பரில் பாஸான கம்ப்யூட்டருக்குச் சென்னைக் கத்திரி வெயில்தான் நிஜமான பரீட்சை.

நம் இளைஞரின் கம்ப்யூட்டர் பழைய வேகத்துக்குத் திரும்பி மூன்று ராத்திரிகள் சமர்த்தாக ஓடியது. அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான கவலை வந்தது. "க்ராஷ் ஆகாம முடிஞ்ச வீடியோவெல்லாம் போட்டுக் காட்டுங்க" என்றேன். ஒன்றில், பெண்ணின் தாத்தா அட்சதை போடும் இடத்தில் முகத்தின் குறுக்கே பச்சைக் கட்டங்கள். கல்யாணமாகி இரண்டாம் மாதம் அவர் காலமாகிவிட்டாராம். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மூலக் கோப்பிலும் அதே பச்சை. காப்பி செய்தபோதே கெட்டிருக்கிறது.

"கேமரா கார்டை அழிச்சிட்டீங்களா?"

"பொண்ணு வீட்ல பாக்கி செட்டில் பண்ற வரைக்கும் அழிக்க மாட்டோம் சார்."

கடன் பாக்கிக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். கார்டிலிருந்து மறுபடி காப்பி செய்தோம். தாத்தா முழுசாகச் சிரித்தார்.

2011ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் க்ராஷ் விவரங்களை அலசினார்கள். ஓவர்க்ளாக் செய்தவை பல மடங்கு அதிகமாக விழுந்தன. ஹார்டுவேர் கோளாறால் ஒருமுறை விழுந்தது மறுபடி விழும் வாய்ப்பும் மிக அதிகம். அதனால் "எப்பவோ ஒரு தடவைதானே" என்று விடக் கூடாது. 2024ல் இன்டெல்லின் 13, 14ம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சில, உரிமையாளர் எதையும் ஏற்றாமலே தடுமாறின. அளவுக்கு மீறிய வோல்டேஜ் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு வாரண்டியை 2 வருஷம் நீட்டியது.

ஆகவே க்ராஷ் ஆகிற கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். 'எனக்கு முடியலை' என்று அது உண்மையைச் சொல்கிறது. ஒன்றும் நடக்காத மாதிரி தப்பு விடை எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறதே, அதுதான் ஆபத்து.

ஆபீஸ்களிலும் அப்படித்தான்.