வேகம் உண்டு, சுவை உண்டா?

விடுமுறை நாளில் ஜொகூர் மாநிலத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், கேளுங்கள். குளுவாங் ரயில் நிலையத்துக் கடையில் ஒரு காப்பியும் ரொட்டியும் முடித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் காஹாங் சாலையைப் பிடியுங்கள். இது 50-ஆம் எண் கூட்டரசுச் சாலை. பத்து பகாட்டில் தொடங்கி ஆயர் ஹீத்தாம், குளுவாங், காஹாங் ஆகிய ஊர்களைக் கடந்து ஜெமாலுவாங்கில் முடிகிறது. இருபுறமும் செம்பனை, பிறகு காடு. யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகையைப் பார்த்தால் பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். ஜெமாலுவாங்கில் இடப்பக்கம் திரும்பினால் மெர்சிங் கடற்கரை. வலப்பக்கம் திரும்பினால் 3-ஆம் எண் சாலை. அது கோத்தா திங்கி வழியாக ஜொகூர் பாருவுக்குப் போகும். அந்தப் பாதையில்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

காட்சிகளைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சியோடு இந்தக் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் வார இறுதியில் இந்தச் சாலைகளில் நம் லாரிக்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே வேறொரு கூட்டமும் வருகிறது. தரையோடு தரையாகப் பதுங்கிய மஞ்சள், பச்சை, சிவப்புக் கார்கள். பெராரி, லம்போர்கினி, மெக்லாரன், போர்ஷே. பலவற்றில் சிங்கப்பூர்ப் பட்டை எண். சிங்கப்பூர் சிறிய தீவு. அங்கே கார் வாங்குவதற்கே தனி உரிமச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1990-இல் வந்தது. அவ்வளவு செலவழித்து வாங்கிய வண்டியை நீட்டி ஓட்ட அங்கே இடம் ஏது? ஆகவே பாலத்தைத் தாண்டி, அல்லது 1998-இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாவது பாலத்தின் வழியாக, நம் பக்கம் வருகிறார்கள். இங்கே மட்டும் என்ன? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர்தான். 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய வண்டியும் நம் சாகாவும் சட்டத்தின் முன் ஒன்றே!

எங்கள் பள்ளிப் பையன்களின் நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் இந்தக் கார்களின் படம்தான். "சார், அதுல போனா எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். வேகமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ஓட்டுகிறவருக்கு ஓட்டும் சுவை கிடைக்கிறதா? கார்ப் பிரியர்கள் உலகெங்கும் சில ஆண்டுகளாக வாதாடி வரும் கேள்வி இது. நமக்கும் அதில் சொல்ல ஒரு வார்த்தை உண்டு.

டிராக்டரில் பிறந்த காளை

லம்போர்கினியின் சின்னம் காளை. அதை நிறுவிய பெருச்சியோ லம்போர்கினி 1916-இல் இத்தாலியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உலகப் போருக்குப் பிறகு, 1948-இல், அவர் முதலில் தொடங்கியது டிராக்டர்த் தொழிற்சாலை! கார்த் தொழிற்சாலை 1963-இல்தான் வந்தது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் நம் தம்பிமார் இதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இன்னொரு செய்தி: 1990-களின் நடுவில் அந்தக் கார் நிறுவனத்தில் மைகாம் என்ற மலேசிய நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. 1998-இல் ஜெர்மனியின் ஆடி அதை வாங்கிக்கொண்டது.

அவர்களின் புகழ்பெற்ற கவுண்டாக் 1974-இல் விற்பனைக்கு வந்தது. ஸ்டீயரிங் பாரம், கிளட்சு பாரம். பின்பக்கம் ஒன்றும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் கதவை மேலே தூக்கிவிட்டு, கதவோர விளிம்பில் உட்கார்ந்து, பின்னால் எட்டிப் பார்த்து ஓட்டுவார்கள். 1987-இல் பெராரி தன் 40-ஆம் ஆண்டு நிறைவுக்கு எப்40 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் உள்ளே ரேடியோ கிடையாது, கம்பளம் கிடையாது. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு! ஸ்டீயரிங்குக்குப் பவர் உதவி இல்லை. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. வண்டி வழுக்கினால் காப்பாற்ற ஓட்டுநரின் கையும் காலும் காதும்தான்.

இவை குறைகள் அல்லவா என்று கேட்பீர்கள். குறைகள்தான். ஆனால் அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் இன்றும் அன்போடு நினைப்பது அந்தப் பாடுகளைத்தான். ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிந்தது. எஞ்சின் சிரமப்படுவது காதுக்குக் கேட்டது.

பெட்டிக்குள் ஒரு டிரைவர்

இன்றைய வண்டி எப்படி? கைக் கியரைப் பெராரியும் லம்போர்கினியும் 2010-களின் முற்பகுதியோடு தங்கள் வழக்கமான விற்பனையிலிருந்து நீக்கிவிட்டன. இப்போது வருவது இரட்டைக் கிளட்சுப் பெட்டி. ஒரு கிளட்சு 1, 3, 5 என்ற கியர்களுக்கு. மற்றது 2, 4, 6-க்கு. நீங்கள் மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பை விரலால் தட்டினால் போதும். கண்ணிமைப்பதற்குள் கியர் மாறிவிடும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பலம் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்காக எஞ்சின் சிறுத்து டர்போ சேர்ந்தது. பிறகு மின்சார மோட்டாரும் சேர்ந்தது. சத்தம் அடங்கியது. எடை கூடியது.

குரோஷியா நாட்டு ரிமாக் நிறுவனத்தின் நெவேரா முழு மின்சார வண்டி. சக்கரத்துக்கு ஒன்றாக 4 மோட்டார், 1,914 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 2 விநாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகம்! எடையோ 2 டன்னுக்கு மேல். 1992-இல் வெளிவந்த மெக்லாரன் எப்1 வண்டியின் எடை ஏறக்குறைய 1,140 கிலோதான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏபிஎஸ், வழுக்கல் தடுப்பு, காற்றுப் பை இவையெல்லாம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. மழை பெய்த காஹாங் சாலையில் பழைய எப்40-ஐவிடப் புதிய வண்டியில் வருவதுதான் குடும்பத்துக்கு நல்லது. எல்லாப் புது வண்டியும் ஊமையும் அல்ல. 2024-இல் வந்த ஒரு பெராரியில் டர்போ இல்லாத 12 சிலிண்டர் எஞ்சினே இருக்கிறது. ஆயினும் பெட்டிக்குள் ஒரு டிரைவர் ஒளிந்துகொண்டு வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறான். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு மிஞ்சுவது என்ன?

இதற்கு அழகான பதிலை ஜெமாலுவாங்கில் ஒரு தேநீர்க் கடையில் கேட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வரிசையாக ஐந்தாறு கார்கள் சாலையைக் கடந்தன.

"ஐயா, அந்த மாதிரி வண்டிய ஓட்டிப் பார்க்க ஆசை இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆசை இல்லாம என்ன வாத்தியாரே! ஆனா ஒண்ணு. அந்த வண்டி அவரைக் கொண்டு போகுது. நாங்க வண்டியக் கொண்டு போனோம்" என்றார்.

பழைய லாரியில் கியர் இறக்குவது எப்படி என்று கையால் நடித்தே காட்டினார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். எவ்வளவு எண்ணெய் என்பதை மீட்டர் சொல்லாது, காதுதான் சொல்லும். தப்பினால் கியர் கடகடவென்று திட்டும். சரியாக விழுந்தால் "வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஓட்டும் சுவை என்று கார்ப் பிரியர்கள் தேடுவது அந்தச் சிரிப்பைத்தான்.

வாங்கியவர்களே திருப்பிக் கேட்டார்கள்

இது வயதானவர்களின் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது. 2013-இல் போர்ஷே நிறுவனம் தன் 911 ஜிடி3 வண்டியைக் கைக் கியர் இல்லாமல் வெளியிட்டது. தானியங்கிப் பெட்டிதான் வேகம் என்பது உண்மை. ஆனாலும் பிரியர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் கைக் கியரோடு 911 ஆர் என்ற சிறப்பு வண்டி வந்தது. 2017-இல் ஜிடி3-க்கும் கைக் கியர் திரும்பி வந்தது. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, வேலையைக் கொடு என்று பணம் கொடுப்பவர்களே கேட்டார்கள்!

மெக்லாரன் எப்1-ஐ வடிவமைத்த கார்டன் மரே பிறந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். நம்மவர்கள் 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பன்தான். அவர் 2020-இல் டி.50 என்ற வண்டியை அறிமுகம் செய்தார். ஓட்டுநர் இருக்கை நடுவில், கைக் கியர், டர்போ இல்லாத 12 சிலிண்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 100 வண்டிகள்தான் என்று கணக்கு வைத்தார். வேகப் போட்டியில் முதலிடம் பிடிப்பது தன் நோக்கமல்ல என்று ஒதுங்கிக்கொண்டார்.

இதெல்லாம் கோடீசுவரர்கள் விஷயம், நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். நம் நாட்டு புரோட்டோன் நிறுவனம் 1985-இல் முதல் சாகாவை வெளியிட்டது அல்லவா? அதே புரோட்டோன் 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கி, 2017 வரை வைத்திருந்தது. எடையைக் குறை, ஓட்டும் இன்பம் தானே வரும் என்பது லோட்டஸின் கொள்கை. 1996-இல் வந்த அவர்களின் எலிஸ் வண்டி 750 கிலோ கூட இல்லை, எஞ்சினும் 1.8 லிட்டர்தான். வளைவுகளில் அது தந்த சுகத்தைப் பெரிய வண்டிக்காரர்களும் பாராட்டினார்கள். அந்த லோட்டஸின் கைப்பக்குவத்தோடு 1990-களின் இறுதியில் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வந்தது. இன்றும் அதைக் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருக்கும் இளைஞர்களை நம் ஊர்களில் காணலாம். இலேசான வண்டி 70, 80 கிலோமீட்டரிலேயே ஓட்டுநரோடு பேசத் தொடங்கிவிடும். ஆயிரம் குதிரைத்திறன் வண்டியோ 110-இல் தூங்கிக்கொண்டிருக்கும். அது கண்விழிக்கும் வேகத்தில் சம்மனோ சவப்பெட்டியோ காத்திருக்கும்.

அரசர் ஓட்டிய ரயில்

கோத்தா திங்கியைத் தாண்டி ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டோம். கடலோரம் நின்றால் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலமும், அதன்மேல் ரயில் தடமும் தெரியும். இந்த ஊரில் கார்களைப் பற்றிப் பேசினால் அரண்மனையைப் பற்றியும் பேச வேண்டும். 2024 ஜனவரி 31-இல் நாட்டின் மாமன்னராகப் பொறுப்பேற்ற ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அவர்களிடம் 300-க்கும் மேற்பட்ட வாகனங்கள் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். விலை உயர்ந்த கார்கள் எத்தனையோ! ஆனால் 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது, எஞ்சினில் ஏறி அதை ஓட்டி வந்தவர் அவர்தான். அந்தப் பாலம் திறக்கப்பட்ட காலத்தில் சுல்தானாக இருந்தவர் அவருடைய கொள்ளுப் பாட்டனார்.

ஆயிரக்கணக்கானோர் தடத்தின் ஓரம் நின்று கையசைத்தார்கள். அந்த ரயில் வேகமாக ஓடவில்லை. அதைவிட நூறு மடங்கு சீறும் வண்டிகள் அவரிடம் இருந்தன. ஆனாலும் அன்றிரவு அவர் பிடித்தது ஒரு ரயிலின் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை. ஓட்டுவதில் உள்ள உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே என் முடிவு இது. இன்றைய அதிவேகக் கார்களில் அறிவு இருக்கிறது, பாதுகாப்பு இருக்கிறது, அழகும் இருக்கிறது. ஆனால் ஓட்டுநருக்கு உரிய பங்கை அவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டன. பங்கு குறைந்த இடத்தில் சுவையும் குறையத்தான் செய்யும். உழைத்து உண்ட சோற்றின் ருசி நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதை வீட்டில் உள்ள இளைஞர்களிடம் சொல்லுங்கள். அந்தக் கார்களைக் கண்டதும் கப்சாயில் படுத்துக்கொண்டு துரத்தும் தம்பிமார் உண்டு. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான். துரத்திப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை, தம்பி! வேகம் பார்க்க ஆசையா? அதற்குச் செப்பாங்கில் பந்தயத் திடல் இருக்கிறது. ஓட்டும் சுகம் வேண்டுமா? அப்பாவின் பழைய கைக் கியர் வண்டியை எடு. பக்கத்தில் அவரை உட்கார வை. வளைவுக்கு முன்னே கியரை இறக்கு. எஞ்சின் சொல்வதைக் காதால் கேள். நிதானமாகப் போனால் யானைப் பலகையும் தெரியும், ஒருவேளை யானையும் தெரியும்.