பன்னிரண்டரைக் கட்டை



போன ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் கூடத்தில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் நாலைந்து தொண்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பலர் கேட்டீர்கள். "என்னப்பா, நிலம் வாங்கப் போறீங்களா?" என்று ஒரு ஐயா கிண்டல்கூட செய்தார். நிலமெல்லாம் இல்லைங்க. ஒரு பாட்டிக்காகத் தொடங்கின வேலை அது. முழுக்கதையையும் எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை பூக்கட்ட வரும் பாட்டியை உங்களில் நிறைய பேருக்குத் தெரியும். தொண்ணூறைத் தாண்டியவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில மாதத்துக்கு முன் சரம் தொடுத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒரே ஒரு ஆசைதாம்ப்பா. எந்தம்பியப் புதைச்ச எடத்துல ஒரு தடவ நின்னு கும்புடணும்."

பாட்டி பிறந்தது சுவா சூ காங்கில். அப்பா பால்மரம் வெட்டியவர். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் இந்தத் தீவின் வடமேற்குக் கரையில் இறங்கியபோது இவருக்கு ஒன்பது வயது. ஓடி ஒளிந்துவிட்டுக் குடும்பம் திரும்பி வந்தது. ஜப்பான்காரன் காலத்திலேயே ஒன்றரை வயதுத் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். மருந்து கிடையாது. ஓடைக்கு மேலே ஒரு மேட்டில், முனியாண்டிக்குச் சூலம் நட்டிருந்த மரத்துக்குப் பக்கத்தில் அப்பா குழி வெட்டினாராம். பிறகு கல்யாணம், டவுன் பக்கம் வீடு, பிள்ளைகள். தோட்டமும் போய்விட்டது. "எம்பது வருஷமா ஒரு பூ போடல" என்றார்.

முறையான மயானம் என்றால் பதிவேடு இருக்கும். தோட்டத்து மேட்டில் புதைத்த பிள்ளைக்கு எந்தப் பதிவேடு? பாட்டியிடம் இருந்தது மூன்று ஞாபகமும் ஒரு பிறப்புச் சான்றிதழும்தான். ஓடை, மேடு, சூலம். சான்றிதழில் முகவரி: சுவா சூ காங் ரோடு, பன்னிரண்டரைக் கட்டை.

இளையவர்களுக்காகச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் புளோக் நம்பர் கிடையாது. ரோட்டோரத்து மைல்கல்தான் முகவரி. அதைத்தான் நம்ம ஆளுங்க 'கட்டை' என்றார்கள். பழைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அது இருக்கும்.

பழைய நிலவரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகமும் நிறைய வரைபடங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இன்று 'சுவா' என்பதை ஆங்கிலத்தில் 'ஓ' போட்டு எழுதும் இடத்தில், பழைய தாள்களில் 'யூ' இருக்கும். இது தெரியாமல் இரண்டு வாரம் வீணாக்கினோம்.

1950களில் வந்த, 1:25,000 அளவுள்ள ஒரு தாள் எங்களுக்கு வசதியாக இருந்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 250 மீட்டர். மேடு பள்ளத்துக்கு உயரக் கோடுகள், ரப்பருக்கும் சதுப்புக்கும் தனித்தனிக் குறி, வீடுகளுக்குக் குட்டிக் குட்டிக் கறுப்புப் புள்ளிகள்.

முதலில் அளந்தது எங்களில் இளையவர், புதிதாகக் கல்யாணமானவர். புக்கிட் பாஞ்சாங் முச்சந்தியில் தொடங்கிப் பன்னிரண்டரை மைல், அதாவது இருபது கிலோமீட்டர் அளந்தார். ஜோகூர் நீரிணைக்குள் போய் விழுந்தார்! கூடமே சிரித்தது. கட்டைக் கணக்கு ரோட்டின் தொடக்கத்திலிருந்து வராது. டவுனில் பழைய தலைமை அஞ்சலகத்திலிருந்து, இப்போது ஃபுல்லர்ட்டன் ஹோட்டலாக இருக்கிறதே, அங்கிருந்து வரும். முச்சந்தியே பத்தாவது கட்டை. அங்கிருந்து இரண்டரை மைல்தான் போக வேண்டும். சுமார் நாலு கிலோமீட்டர். தாளில் பதினாறு சென்டிமீட்டர்.

ரோடு நேராக இல்லை, ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. பாட்டியின் பூ நூலையே நனைத்து ரோட்டின் மேல் வளைத்து வளைத்து வைத்தோம். பதினாறாவது சென்டிமீட்டரில் நூல் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடை. மலாயில் ஆற்றைக் குறிக்கும் ஒற்றை எழுத்தோடு 'பெங் சியாங்' என்று பேர். ரப்பர் குறி. வரிசையாகச் சில புள்ளிகள். உடம்பு சிலிர்த்தது.

ஆனால் முனியாண்டி இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினோம். சூலமும் இல்லை, மரமும் இல்லை. தோட்டத்துத் தொழிலாளியின் சாமிக்கு வரைபடத்தில் குறி கிடையாது. புள்ளிகளில் யார் குடியிருந்தார்கள் என்பதற்கும் கிடையாது. இந்த வரைபடங்களெல்லாம் பட்டாளத்துக்கும் நிர்வாகத்துக்கும் போட்டவை.

நம்ம ஊர்க் கதையும் அப்படித்தான். இந்தியாவின் பெரிய முக்கோண அளவைப் பணிக்கு 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம்தான் முதல் அடிக்கோடு போட்டார் லாம்டன். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேலே தன் பெரிய அளவைக் கருவியை ஏற்றப் பார்த்தார். அரை டன் எடை. கயிறு அறுந்து விமானத்தில் மோதிக் கருவி நெளிந்துபோனது, அவரே உட்கார்ந்து சரிசெய்தார். நம்ம கோபுரமும் விமானமும் அவர்களுக்கு உயரமான அளவைப் புள்ளிகள். கும்பிட்டவன் கதை வரைபடத்துக்குள் வராது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் தாளைப் பெரிதாக அச்செடுத்துப் பாட்டி முன்னால் விரித்தோம். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எழுத்துப் பக்கம் பார்க்கவே இல்லை. "ஆறு எந்தப் பக்கமா ஓடுது?" என்றார். காட்டினோம். "காயிதத்தத் திருப்புங்க" என்றார். ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போகிற மாதிரி திருப்பி வைத்தோம். விரல் தானாக நகர ஆரம்பித்தது. "இது கங்காணி வீடு. இது எங்க லயம். இங்க தண்ணிக் கொழாய்." நாங்கள் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தோம்.

ஓடையோரம் உயரக் கோடு சுற்றிய மேடுகள் இரண்டு இருந்தன. எது? பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். "அப்பா பின்னாடியே போனேன். விடிகாலை. வெயில் மூஞ்சில அடிச்சுது. ஓடை இந்தக் கைப்பக்கம்" என்று இடது கையைத் தூக்கினார். கிழக்கு பார்த்து நடந்து, ஓடை இடப்பக்கம் வருகிற மேடு ஒன்றே ஒன்றுதான். அதில் பென்சில் வட்டம் போட்டோம். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு பழைய தாளை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தோம். ரோடு மாறிவிட்டது, ஓடை நேராகிவிட்டது, அதனால் நூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். வட்டம் விழுந்தது சுவா சூ காங்கின் மேற்கு ஓரத்தில், தெங்கா நகரம் எழும்புகிற பக்கத்தில். நாற்பதாயிரத்துக்கும் மேல் வீடுகள் வரப்போகிற ஊர் அது. கடலுக்குள் போன அந்த இளையவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் மனைவிக்கும் வீவக வீட்டுச் சாவி கிடைத்தது அங்கேதான்.

ஒரு சனிக்கிழமை காலை சக்கர நாற்காலியோடு பாட்டியை அழைத்துப் போனோம். தடுப்பு வேலிக்குள் போகக் கூடாது, தீபமும் ஏற்றவில்லை. நடைபாதையில் நின்றோம். மரம் இல்லை. மேட்டைச் சமமாக்கிவிட்டார்கள். பாட்டி கால்வாயை ரொம்ப நேரம் பார்த்தார். "சிமெண்டு போட்டுட்டாங்க. ஆனா அதே பக்கந்தான் ஓடுது" என்றார். வேலியோரப் புல்லில் ஒரு முழம் மல்லிகையை வைத்தார். தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பேரை அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலில் கேட்டோம்.

திரும்பும்போது அந்த இளையவர், "பாட்டி, எங்க வீட்டுல பால் காய்ச்சுறப்போ நீங்கதான் வந்து அடுப்பப் பத்த வைக்கணும்" என்றார். "எங்க ஊருக்குல்ல குடி வந்திருக்கே, வராம என்ன?" என்றார் பாட்டி. போன மாதம் பால் காய்ச்சினார்கள். பூசை அறையில் ஒரு விளக்கு அந்தப் பிள்ளைக்காகவும் எரிகிறது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடம் ஆற்றையும் மேட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறது. அவசரமே இல்லை, இன்னும் நூறு வருஷம் இருக்கும். லயத்தில் யார் இருந்தார்கள், சாமி எந்த மரத்தடியில் இருந்தது என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு நாள் குறைவு.

அடுத்த ஞாயிறும் அன்னதானத்துக்குப் பிறகு கூடத்தில் இருப்போம். பெரியவர்களைக் கையோடு அழைத்து வாருங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். எத்தனையாவது கட்டை என்று மட்டும் கேட்காதீர்கள். ஓடை எந்தக் கைப்பக்கம், காலை வெயில் எங்கே அடித்தது என்றும் கேளுங்கள். தாளும் பென்சிலும் பூ நூலும் எங்களிடம் இருக்கிறது.

எல்லாருக்கும் இறைவன் அருள் கிடைக்கட்டும்.