ஹெலிக்குக் கீழே இருந்தவர்கள்

2002 தை மாதம், குளிர் எலும்புவரை போயிருந்த ஒரு சனிக்கிழமை. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த தியேட்டரில் 'பிளாக் ஹோக் டவுன்' ஓடிக்கொண்டிருந்தது. நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்து நாலு மாதம்தான். சனம் துக்க வீட்டுக்கு வந்ததுபோல வந்து இருந்தது. பொப்கோர்னைக்கூட ஒருவரும் சத்தமாகக் கிளறவில்லை.

1993 ஒக்ரோபர் 3 ஆம் திகதி சோமாலியாவின் மொகடிசுவில் தொடங்கிய சண்டைதான் படத்தின் கதை. ஐடீட் என்ற தளபதியின் முக்கியமான இருவரைப் பிடிக்க அமெரிக்க ரேஞ்சர்களும் டெல்டா படையினரும் ஹெலியில் போய் இறங்குகிறார்கள். ஒரு மணித்தியால வேலை என்று போனது விடியும்வரை இழுபடுகிறது. இரண்டு பிளாக் ஹோக்குகள் சுட்டு விழுத்தப்படுகின்றன. சத்தத்தை நெஞ்சுக்குள் இறக்குவது எப்படியென்று இயக்குநர் ரிட்லி ஸ்கொட்டுக்குத் தெரியும். படத்துக்குக் கிடைத்த இரண்டு ஒஸ்கார்களில் ஒன்று ஒலிக்கு, மற்றது படத்தொகுப்புக்கு.

நான் ஹெலிக்குக் கீழே வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தில் "ஹெலி வருது" என்று ஒரு குரல் கேட்டால் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள் பாய்வோம். அது போனபிறகு, ஓட்டிலும் முற்றத்திலும் விழுந்த வெற்றுக் கோதுகளைப் பொடியள் பொறுக்குவோம். சூடு ஆறாத கோது ஒன்று என் உள்ளங்கையைச் சுட்டதும் உண்டு. அப்படிப்பட்ட நான், இரண்டரை மணித்தியாலம் ஹெலிக்குள்ளே இருந்து, கதவோரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கீழே ஓடுகிற சனத்தைப் பார்த்தேன். தொடையில் இரத்தக்குழாய் அறுந்து கிடந்த ரேஞ்சர் பொடியனுக்காகக் கண் கலங்கினேன். கூரையில் நின்று சுட்டவன் விழுந்தபோது, அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஊர் ஒருதரம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. கடைசி எழுத்துகள் ஓடத் தொடங்க முன்னமே எழும்பியும்விட்டேன். கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்ட வேண்டுமென்ற அவசரம்.

அப்போது எட்டோபிக்கோவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. பக்கத்து மெசினில் ஒரு சோமாலியர். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார். என்னை "வலால்" என்பார், அவர்கள் மொழியில் சகோதரன். நான் அவரை "அண்ணை" என்பேன். சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அஞ்சேரோவும் என்னுடைய தோசையும் கைமாறும். இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். நல்ல படம் ஒன்று பார்த்தேன் என்று திங்கட்கிழமை நான் புளுகத்தோடு சொன்னதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து போகும்போதுதான், "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாரும், வலால்" என்றார்.

டிக்சன் வீதியில் வரிசையாக நிற்கும் மாடிக் கட்டடங்களில் ஒன்று. அந்தப் பகுதிக்குச் சின்ன மொகடிசு என்றும் பேர். அறைக்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஏலக்காயும் கறுவாவும் போட்ட தேநீர், ஆரோ கொண்டுவந்த களவுப் பிரதி. மொகடிசுவிலேயே அந்த மாதம் களவுப் பிரதி போட்டார்கள் என்றும், ஒவ்வொரு அமெரிக்கன் விழும்போதும் சனம் ஆரவாரம் செய்தது என்றும் செய்தி வந்திருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சோமாலியர் அமைப்பொன்று படத்தைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தது. இந்த அறையில் இருந்தவர்களோ சிரித்தார்கள். சோமாலியராக நடித்தவர்களில் ஒரு சோமாலியரும் இல்லை. அவர்கள் கதைப்பது இவர்களுடைய மொழியும் இல்லை. தெரு மொரோக்கோவில் இருக்கிறது. பகாரா சந்தை என்று காட்டியதைப் பார்த்து ஒரு கிழவர் தொடையில் அடித்துச் சிரித்தார். அந்தச் சந்தையில் அவருக்குத் துணிக்கடை இருந்ததாம். ரேஞ்சர்கள் சோமாலியரை "ஸ்கின்னி" என்பார்கள், நாங்கள் ஒல்லிப்பிச்சான் என்பதுபோல. வாத்தியார் தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, "கனடா அதையும் மாத்திப்போட்டுது" என்றார்.

ஆனால் ஹெலிகள் உண்மையானவை. பென்டகன் பிளாக் ஹோக்குகளோடு ஓட்டிகளையும் சேர்த்து இரவல் கொடுத்திருந்தது. அந்த இரைச்சல் எழும்பும்போதெல்லாம் அறையில் சிரிப்பு நின்றது. கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

குறை சோமாலியருக்கு மட்டுமில்லை. சிக்கியவர்களை மீட்கக் கவச வாகனங்களோடு போனவர்கள் மலேசிய, பாகிஸ்தானியப் படையினர். படத்தில் அவர்கள் வந்து போவதோடு சரி. பாகிஸ்தான் அதிபராக இருந்த முஷாரப் அதைத் தன் சுயசரிதையில் குறையாக எழுதினார். மலேசியா 2023 இல் 'மல்பாட்: மிசி பகாரா' என்று சொந்தமாகவே ஒரு படம் எடுத்துவிட்டது.

எங்கள் கனடாக்காரருக்குத்தான் இந்தப் படம் நல்ல வசதி. அதில் கனடா இல்லை. இந்தச் சண்டைக்கு ஆறேழு மாதம் முன்னர், பெலெட்வெய்ன் என்ற சோமாலிய ஊரில் கனடாவின் பேர்பெற்ற ஏர்போர்ன் ரெஜிமென்ட் முகாம் போட்டிருந்தது. மார்ச் 16 ஆம் திகதி இரவு பிடிபட்ட ஷிடேன் அரோன் என்ற 16 வயதுப் பையனைச் சிப்பாய்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். பக்கத்தில் நின்று படமும் எடுத்தார்கள். 1995 இல் அரசு அந்த ரெஜிமென்டையே கலைத்தது. குடியுரிமைச் சோதனைக்கு நான் பாடமாக்கிய புத்தகத்தில் இதில் ஒரு வரியும் இருக்கவில்லை. அந்த அறையில் அன்று அவன் பெயரை அறியாதவன் நான் ஒருவன்தான்.

படம் முடிந்ததும் எழும்பப் போனேன். வாத்தியார் தோளில் கை வைத்து இருத்தினார். ரிமோட்டை அழுத்தித் திரையை நிறுத்தி, "வாசியும்" என்றார். இறந்த சோமாலியர் ஆயிரத்துக்கு மேல் என்று ஒரே வரி. இறந்த அமெரிக்கர் 19. பிறகு அந்தப் பத்தொன்பது பேரின் பெயர்கள்.

"எண்ணியிருந்தால் ஆயிரத்துப் பதினேழு எண்டு ஏதாவது வந்திருக்கும், வலால்."

கணக்கு வாத்தியார் சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாவுகளும் முழு ஆயிரங்களாகத்தான் அறிக்கைகளுக்குள் போயிருக்கின்றன.

அந்தப் படம் இன்னும் ரீவியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள், நன்றாக எடுத்த படம். கடைசி எழுத்துகளை வாசித்து முடிக்கும்வரை மட்டும் எழும்பாதீர்கள்.